எண்ணெய்ப்பட்டியில் மாட்டிய படம்

மாப்ள,

நேற்று சாயல்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உன்னைப் பார்த்தேன். மேடையில் வெள்ளைத் திரை கட்டி, உன் முகத்தை ஆள் உயரத்துக்குக் காட்டினார்கள். உனக்குச் சொந்தமில்லாத அதே கோட்டு, அதே கறுப்பு டை, சிரிக்க மறுத்த அதே வாய். மண்டபத்தில் முதல் நாள் கல்யாணத்துச் சாம்பார் வாடை இன்னும் போகவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். உன் படத்துக்குக் கைதட்டல்! எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதுகிற இப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நீ மண்ணுக்குள் போன பிறகு இங்கே நடப்பதெல்லாம் உனக்குத் தெரிய வழியில்லை. நம் பக்கத்து நிலத்துக்கு அடியிலும் எண்ணெய் இருக்கிறதாம். ஒரு கம்பெனி வந்திருக்கிறது. கடலாடியைச் சுற்றிச் சோதனைக் கிணறு தோண்டுவார்களாம். எண்ணெய் கிடைத்தால் குழாய் பதித்து உங்கள் ஊர்க் கரை வரைக்கும் கொண்டுபோவார்களாம். அதை மக்களுக்கு விளக்கிச் சொல்லத்தான் நேற்றைய கூட்டம். வந்தவர்களுக்கெல்லாம் டீயும் வடையும் கொடுத்தார்கள். விளக்கம் சொல்ல வந்தவர் சென்னைக்காரர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, பணிவான பேச்சு. "எண்ணெய் வந்தால் ஒரு ஊர் எப்படி மாறும் என்று உங்களுக்குக் காட்டப் போகிறோம்" என்று ஆரம்பித்து அவர் காட்டியது எந்த ஊரைத் தெரியுமா? நம் எண்ணெய்ப்பட்டியை. அங்கே எண்ணெய் எடுக்கிறவர்களும் இவர்களும் கூட்டாளிகளாம்.

ருஷ்யாவில் அந்த ஊருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அது கடைசி வரைக்கும் உன் வாயில் நுழையவில்லை. போய் இறங்கிய வாரமே, "எண்ணெய்ப்பட்டின்னு வச்சுக்குவோம் மச்சான், நமக்கு அது போதும்" என்றாய். ராமநாதபுரத்தில் ஐ.டி.ஐ. படித்தபோதும் நீ இப்படித்தான். வாத்தியார் முதல் வெல்டிங் மெஷின் வரைக்கும் எதையும் அதன் பெயரால் கூப்பிட்டதில்லை. உங்களுக்குக் கடலில் மீன்பாடு குறைந்தது, எங்களுக்கு மழை குறைந்தது. மீன்காரன் மகனும் வத்தல்காரன் மகனும் ஒரே ஏஜெண்டின் வாசலில் போய் நின்றோம். விமானத்தில் ஏறும்போது உன் பையில் பாதி நெத்திலிக் கருவாடு, என் பையில் பாதி முண்டு மிளகாய் வத்தல்.

திரையில் முதலில் வந்தது ஊர்ச் சதுக்கத்து நீரூற்று. பிறகு நீச்சல் குளம், பள்ளிக்கூடம், குழந்தைகள் விளையாடும் இடம். எல்லாம் உண்மைதான். எதுவும் பொய்யான படமில்லை. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் அங்கே சதுப்பும் மரமும் கொசுவும் மட்டும்தான் இருந்தன என்று நம் விடுதியைப் பார்த்துக்கொண்ட கலீனாக்கா சொல்லுவாளே. சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு படகில் வந்து இறங்கி, சக்கரம் வைத்த தகரக் கூண்டில் குடியிருந்தவள். அந்த ஊரின் ரொட்டிக் கடை முதல் ஆஸ்பத்திரி வரை கம்பெனி கட்டியது. வீடுகளுக்குச் சூடு தரும் குழாய்கூடத் தெருவுக்கு மேலே வளைவு போட்டுப் போகும், அதுவும் கம்பெனியுடையது. அவள் பெருமையை நான் குறை சொல்லமாட்டேன். கட்டிய ஊரைப் பற்றி யாருக்கும் பெருமை இருக்கத்தான் செய்யும்.

ஆனால் திரையில் வராதது எவ்வளவு மாப்ள! ஊருக்கு வெளியே கிணற்று வாயுவை இரவு பகலாக எரித்த அந்தச் சுடர் வரவில்லை. அதன் புகை படிந்து பழுப்பேறிய பனி வரவில்லை. காடு முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டு நின்ற பம்புகளில் ஒன்றைக் காட்டினார்கள், அதுவும் பெயிண்ட் அடித்துப் பூங்காவில் நிறுத்தியதை. அவற்றை முதலில் பார்த்தபோது நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "பூம்பூம் மாடு மச்சான். கம்பெனிக்காரன் என்ன கேட்டாலும் ஆமா போடுது பாரு." நேற்று மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களின் தலையைப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பாய்.

மீனும் திரையில் வரவில்லை. சந்தையில் ஆற்று மீன் வாங்கி வந்து, என் வத்தலை அரைத்துப் போட்டு நீ குழம்பு வைத்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படி மறப்பேன்? விடுதியே மணத்தது. கலீனாக்கா தட்டோடு வந்து நின்றாள். நீ ஒரு வாய் வைத்தாய், உடனே துப்பினாய். "மண்ணெண்ண வாடை அடிக்குது மச்சான்." சட்டி கழுவியது சரியில்லையோ என்று நான் கேட்டதற்கு என்னை முறைத்தாய். "சட்டி இல்ல, மீனு. ஏலே, ஆத்துக்குள்ளயே எண்ண கசிஞ்சிருக்கு." கலீனாக்கா நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். எங்கள் மீன் எப்போதும் இப்படித்தான், நீங்கள் பழகவில்லை என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனாள். நீ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. படுக்கப் போகும்போது, "பழகிருச்சாம் மச்சான். மீனு மண்ணெண்ண நாறுறது பழகிருச்சாம்" என்றாய். அந்தக் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

அங்கே செப்டம்பரில் எண்ணெய்த் தொழிலாளர் நாள் என்று ஒரு திருவிழா. நமக்குத் தேர் மாதிரி அவர்களுக்கு அது. அதையொட்டி நல்ல வேலைக்காரர்களின் படங்களை ஊர்ச் சதுக்கத்தில் வரிசையாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவார்கள். மரியாதைப் பலகை என்று அதற்குப் பெயர். அந்த வருஷம் வெல்டர்களில் உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டோக்காரன் தன் கடையில் தொங்கிய கோட்டையும் டையையும் உனக்கு மாட்டிவிட்டான். படத்தில் நெஞ்சு வரைக்கும்தான் வரும் என்று தெரிந்ததும் நீ இடுப்பில் கைலியோடு உட்கார்ந்துகொண்டாய். அந்தக் குளிரில் கைலியைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போன ஒரே ஆள் நீதான். சிரிக்கச் சொன்னான். "சிரிச்சா மரியாதையா இருக்காது" என்று முறைத்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டாய்.

திருவிழா அன்று சாயங்காலம் அதைப் பார்க்கப் போனவன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாய்.

"மச்சான், என்னயக் கொன்னுட்டானுக."

என்னடா என்றேன்.

"படத்த மாட்டிக் கீழ பூவ வச்சிருக்கானுக."

நானும் உன்னோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். இசைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் சிவப்புப் பூ வைத்திருந்தார்கள். கோட்டு, டை, சிரிக்காத முகம், கீழே பூ. அசல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நம் பக்கம் உயிரோடு இருக்கிறவனுக்குக் கட்சிக்காரன் பேனர் வைப்பான், கல்யாணத்துக்கு வைப்பார்கள். ஆனால் சட்டம் போட்ட படத்துக்குக் கீழே பூ வைத்தால் உங்கள் தெருவிலும் எங்கள் தெருவிலும் ஒரே அர்த்தம்தான். பையிலிருந்து திருப்புளியை எடுத்தாய். அத்தனை பேர் பார்க்க, பாட்டு ஓடிக்கொண்டிருக்க, உன் படத்தை நீயே கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாய்.

போலீஸ்காரன் மறித்தான். கம்பெனியை அவமானப்படுத்திவிட்டதாகக் கூட்டம் கூடியது. நீ நெஞ்சில் அடித்துக்கொண்டு, தெரிந்த ருஷ்யத்தையெல்லாம் ஒன்று சேர்த்து, "யா ஷிவோய்! யா ஷிவோய்!" என்று கத்தினாய். நான் உயிரோடு இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேன். கலீனாக்கா வந்து விசாரித்து, என் சைகையையும் உன் கூச்சலையும் வைத்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் சொன்னாள். போலீஸ்காரன்தான் முதலில் சிரித்தான். பிறகு சதுக்கமே சிரித்தது. கடைசியில் உன் படத்துக்குக் கீழே மட்டும் பூ வைப்பதில்லை என்ற ஏற்பாட்டில் திரும்ப மாட்ட ஒப்புக்கொண்டாய். அதற்குப் பிறகு ரொட்டிக் கடையிலும் பஸ்ஸிலும் ஊர்க்காரர்கள் உன்னை "ஷிவோய்" என்றுதான் கூப்பிட்டார்கள். நீ ஊரில் இருந்த உன் பொண்டாட்டி ஜெபமேரிக்குப் போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு அறையின் மறுகோடியில் இருந்த எனக்குக் கேட்டது. போனை வைக்கும் முன் அவளிடம் சொன்னாய்: "நான் செத்தா வீட்டுல ஒரு படம் மாட்டு, பூ வையி. வேற எங்கனயும் என் படத்துக்கு எவனும் பூ வைக்கக் கூடாது."

அந்தக் குளிர்காலத்தில்தான் குழாய் அடுக்கு சரிந்தது.

அன்று வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் குளிருக்கு வெளிவேலை கூடாது என்பது அவர்களே வைத்த விதி. வண்டி காத்திருக்கிறது, இன்றே முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி நிற்கவைத்தான். பனியில் ஊன்றிய கட்டை நழுவியது. நான் அடுக்குக்கு அந்தப் பக்கம் இருந்தேன், நீ சரிந்த பக்கம் இருந்தாய். இதற்கு மேல் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை சதுக்கம் வழியாகப் போனேன். வரிசையில் உன் படத்தைச் சட்டத்தோடு காணோம். படம் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பளிச்சென்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வெளியே கொண்டுவரவில்லை, அதற்குள் படத்தை இறக்கிவிட்டார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். துபாஷி ஒருவனை உட்காரவைத்துப் பதில் சொன்னார்கள். விபத்தில் போனவன் முகம் சதுக்கத்தில் இருந்தால் மற்ற தொழிலாளர்களின் உற்சாகம் குறையுமாம். அது போக, நீ அவர்கள் ஆளே இல்லையாம், ஒப்பந்தக்காரரின் ஆளாம். அப்படியானால் படம் மாட்டியபோது நீ யாருடைய ஆள்? கோட்டு மாட்டிவிட்டபோது யாருடைய ஆள்? நான் கேட்டேன். துபாஷி அதை மொழிபெயர்க்கவே இல்லை.

உயிரோடு இருந்தபோது படத்தை மாட்டிப் பூ வைத்தார்கள். பூ வைக்க வேண்டிய நேரம் வந்ததும் படத்தை இறக்கினார்கள். நீ திருப்புளியோடு போனது எவ்வளவு சரி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கலீனாக்கா சாமான் அறையில் போய்ச் சண்டை போட்டு உன் படத்தை வாங்கி வந்தாள். துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அங்கே இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்களாம். இரண்டே இரண்டு பூவை அதன்மேல் வைத்துவிட்டு, "ஷிவோய், ஷிவோய்" என்று அழுதாள். தான் வந்து இறங்கிய நாள் தொட்டுப் பெருமை பேசிய அந்த ஊரை அவள் திட்டியதை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

உன்னைத் தகரப் பெட்டியில் மதுரைக்கு அனுப்பினார்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் ஆனது. அந்தப் படத்தை நான் ஜெபமேரியிடம் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "இது அவுக ஆபீசு படம்ணே. கோட்டும் அவரோடது இல்ல, மூஞ்சியும் அவரோடது இல்ல. நீங்களே வச்சிருங்க." படகில் நனைந்த தலையோடு நீ பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் படத்தைத்தான் அவள் வீட்டில் மாட்டியிருக்கிறாள். கோட்டுப் படம் அந்த இரண்டு பூவோடு என் பீரோவில் துண்டுக்குள் சுற்றிக் கிடந்தது. அதை நான் எடுத்துப் பார்ப்பதே இல்லை.

இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

"உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரை அந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே சென்னைக்காரர் உன் முகத்தைப் போட்டார். மரியாதைப் பலகை, நீரூற்று, நீ. கைதட்டல். பெண்கள் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. ஜெபமேரி எழுந்து நின்றாள். குழாய் கரைக்கு வரும் என்று கேள்விப்பட்டு உங்கள் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"அய்யா, அந்தப் படத்துல இருக்கிறது யாரு?"

"உங்க மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு திறமையான வெல்டர்ம்மா."

"பேரு என்ன?"

அவர் மடிக்கணினிப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "பேர்... அங்க அலுவலகத்துல இருக்கும்மா."

"இப்ப அவரு எங்கன இருக்காரு?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மாப்ள. "அங்கதாம்மா வேலை பார்க்கிறார். குடும்பத்தோட ரொம்ப நல்லா இருக்கார்."

நீ அன்று சதுக்கத்தில் நெஞ்சிலடித்துக் கத்தியது என் காதில் அப்படியே விழுந்தது. உயிரோடு இருந்தவனைப் பூ வைத்து அனுப்பினார்கள், அது அறியாமல் நடந்தது, சிரித்துவிட்டோம். மண்ணுக்குள் போனவனை உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக் கிணறு தோண்ட இடம் கேட்கிறார்களே, இதற்கு என்ன செய்வது? உன் பெயர்கூடத் தெரியாமல், உன் முகத்தை வைத்து, உன் கரையையே கேட்கிறார்கள்!

ஜெபமேரி கத்தவில்லை. "அவரு மூக்கையூருக் கல்லறத் தோட்டத்துல இருக்காரு. நான் அவரு பொண்டாட்டி. படத்த எறக்குங்க" என்றாள்.

சென்னைக்காரர் விசையைத் தட்டினார். உன் முகம் போய் நீச்சல் குளம் வந்தது. "மன்னிக்கணும்மா, சின்னத் தகவல் பிழை" என்றார். தகவல் பிழையாம்! நான் எழுந்து மைக்கை வாங்கி உன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். என் கையிலிருந்த மைக்கை யாரோ அணைத்தார்கள். மைக் இல்லாமலே சொன்னேன். குழாய் சரிந்ததைச் சொன்னேன், படத்தை இறக்கியதைச் சொன்னேன், மண்ணெண்ணெய் நாறும் மீனைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு வாலிபன், "அதெல்லாம் இருக்கட்டும்ணே, வேல வருமா வராதா, அதக் கேளுங்க" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நாம் இரண்டு பேரும் அதே கேள்வியோடுதானே ஏஜெண்டின் வாசலில் நின்றோம். பதில் சொல்கிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். கூட்டம் முடிந்ததாக அறிவித்துவிட்டு, மிச்ச வடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஜெபமேரி என்னைத் தேடி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் கெட்டியாக இருந்தது.

"அண்ணே, அந்தக் கோட்டுப் படம் ஒங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கும்மா."

"அடுத்த கூட்டம் கடலாடியிலயாம். எடுத்துக்கிட்டு வாங்க. நான் மால கெட்டிக்கிட்டு வாரேன்."

"அது வேண்டாம்னு நீதான..."

"வீட்டுக்குத்தான் வேணாம்னேன். அவுக மாட்டுன படந்தான, அவுக முன்னாலயே வைப்போம். முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு, மாலயப் போட்டு, மெழுகுவத்தி ஏத்தி வைப்போம். பூப் போட்ட படத்தப் பாத்துக்கிட்டே நல்லா இருக்காருன்னு எவன் சொல்றான்னு நான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். துண்டை விரித்தபோது கலீனாக்கா வைத்த இரண்டு பூவும் பொடியாக உதிர்ந்தன. கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். கோட்டும் டையும் முறைப்பும் அப்படியே இருக்கின்றன. கைலி எனக்கு மட்டும் தெரியும்.

கடலாடிக்கு உன்னை என் மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் போவேன். வேறு எந்த ஊரில் உன் முகத்தைத் திரையில் போட்டாலும் அங்கேயும் தூக்கிக்கொண்டு போவேன். வீட்டைத் தவிர வேறு எங்கும் உன் படத்துக்குப் பூ வைக்கக் கூடாது என்று நீ சொன்னது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திருப்புளியைத் தேடாதே மாப்ள. இந்தத் தடவை பூ வைப்பது உன் வீட்டு ஆள்.